டிக்கா .308 ஆக்‌ஷனில் மலை வேட்டைக்குப் புதுக் குழல்: எந்தத் தோட்டா?

#1 அருண்_கிறைஸ்ட்சர்ச்

வணக்கம். கையில் இருப்பது டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள், .308, தொழிற்சாலைக் குழல். ஆக்‌ஷனை (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் நடுப்பகுதி) வைத்துக்கொண்டு குழலையும் ஸ்டாக்கையும் மாற்றப் போகிறேன். வேட்டை முழுக்க நியூசிலாந்து தென் தீவில். மலைமேல் தாரும் (இமயமலை வரையாடு) ஷமாயும் (ஒரு மலை ஆட்டினம்), மார்ச்-ஏப்ரல் கூவல் பருவத்தில் காட்டுக்குள் செம்மான்.

ஏற்கெனவே முடிவானவை: குழல் 18 அங்குலம், சப்ரசர் (ஓசை குறைக்கும் குழாய்) எப்போதும் மாட்டியே இருக்கும். ஸ்கோப், சப்ரசர் எல்லாம் சேர்த்து எடை 3.4 கிலோவைத் தாண்டக் கூடாது. தூரம் 400 மீட்டருக்கு மேல் கிடையாது. கடைத் தோட்டாதான், ரீலோடிங் (தோட்டாவை நாமே நிரப்புவது) இப்போதைக்கு இல்லை.

பட்டியலில் 6.5 கிரீட்மோர், 7எம்எம்-08, 6.5 பிஆர்சி, .280 அக்லி என்று நான்கு தோட்டா வகைகள் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

#2 காற்றுமானி

மலையில் பிரச்சினை காற்றுதான், வேறெதுவும் இல்லை. ஒரு பள்ளத்தாக்குக்குள்ளேயே மூன்று திசையில் அடிக்கும். அதனால் 6.5 பிஆர்சி. ஹார்னடியின் 143 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) இஎல்டி-எக்ஸ் வேட்டைக் குண்டு 24 அங்குலக் குழலில் 2960 அடி/வி (விநாடிக்கு அடி). அதே குண்டு கிரீட்மோரில் 2700. குறுக்குக் காற்று மணிக்கு 16 கிமீ, தூரம் 400 மீ என்று வைத்து, குண்டு பக்கவாட்டில் எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட்டேன். கிரீட்மோருக்கும் 7எம்எம்-08க்கும் 18 அங்குலம், பிஆர்சிக்கு 20, .308க்கு 18:

6.5 பிஆர்சி, 143 கிரெய்ன்: சுமார் 26 செமீ
6.5 கிரீட்மோர், 143 கிரெய்ன்: சுமார் 31 செமீ
7எம்எம்-08, 150 கிரெய்ன்: சுமார் 33 செமீ
.308, 178 கிரெய்ன்: சுமார் 37 செமீ

#3 தென்தீவான்

கணக்கு சரி. ஆனால் அதை எடுத்துப் படிக்கும் விதம் வேறு. பிஆர்சிக்கும் கிரீட்மோருக்கும் நடுவே 5 செமீ. காற்றை 16 கிமீ என்று நினைத்தது உண்மையில் 22 ஆக இருந்தால், எந்தத் தோட்டாவாக இருந்தாலும் 10 செமீ பக்கம் அல்லது அதற்கு மேல் பிழை. காற்றைத் தப்பாகப் படித்ததைத் தோட்டா ஈடுகட்டாது. அதோடு மற்றவர்களுக்கு 18 அங்குலம் கொடுத்துவிட்டுப் பிஆர்சிக்கு மட்டும் 20 கொடுத்திருக்கிறீர்கள் தம்பி :)

அருண், தோட்டாவின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். குண்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வேட்டைக் குண்டுக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு, அதற்குக் கீழே பட்டால் அது விரியாமல் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விடும். இஎல்டி-எக்ஸ் போன்ற மென்மையான ஈயக் குண்டு 1600 அடி/வி வரைக்கும் விரியும் என்கிறார்கள். முழுச் செம்புக் குண்டுகளுக்கு மாடலைப் பொறுத்து 1800 முதல் 2000 வரை வேண்டும். பாதுகாப்பாக 2000 என்றே எல்லை போட்டுக்கொண்டு, எந்தத் தூரத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள்.

18 அங்குலக் குழலில் கிரீட்மோர் 143 சுமார் 2560இல் கிளம்பும், 390 மீட்டர் பக்கத்தில் 2000ஐத் தொடும். 7எம்எம்-08இல் 150 கிரெய்ன் சுமார் 2630இல் கிளம்பும், 405 மீட்டர் பக்கம். இரண்டும் ஒன்றேதான். உங்கள் 400 மீட்டருக்கு இரண்டுமே கச்சிதம்.

பிஆர்சிக்கும் 18 அங்குலமே கொடுத்தால் வேகம் 2790 சுமார். 24 அங்குலக் கிரீட்மோரைவிட 90 அடிதான் கூட. அதற்காக 57 கிரெய்ன் வெடிமருந்தை எரிக்கிறோம், கிரீட்மோர் எரிப்பது 42. குழல் குறுகக் குறுக அந்தக் கூடுதல் மருந்து குண்டைத் தள்ளாமல் சப்ரசருக்குள் சூடாகப் போகிறது.

#4 ரீமர்_ராசு

பிஆர்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆக்‌ஷனே ஒத்துக்கொள்ளாது. .308 போல்ட்டின் முகம் (தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸின் அடி உட்காரும் இடம்) .473 அங்குலம், கிட்டத்தட்ட 12 மிமீ. பிஆர்சி கேஸின் அடி .532, அதாவது 13.5 மிமீ. போல்ட் முகத்தைக் குடைந்து பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். எக்ஸ்ட்ராக்டர் (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) பிடிக்கும் இடம் மாறும், போல்ட்டைப் பூட்டும் லக் பக்கம் உலோகம் மெலியும். 65,000 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள தோட்டாவுக்கு அந்த வேலை வேண்டாம். மேக்னம் போல்ட்டும் மேக்னம் மேகசினும் தனியாக வாங்க வேண்டும். அந்தக் காசுக்கு பிஆர்சியிலேயே ஒரு டிக்கா வாங்கிவிடலாம்.

மற்ற மூன்றும் .473 முகம்தான். போல்ட்டைத் தொட வேண்டியதில்லை.

#5 அருண்_கிறைஸ்ட்சர்ச்

> பிஆர்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

எடுத்தாச்சு. .280 அக்லிக்கு நீள ஆக்‌ஷன் வேண்டாமா? என்னுடையது .308.

#6 ரீமர்_ராசு

டி3எக்ஸில் ஆக்‌ஷன் ஒரே நீளம்தான். .308 வகைக்கும் .30-06 வகைக்கும் வித்தியாசம் போல்ட் ஸ்டாப்பும் (போல்ட் பின்னால் ஓடுவதை நிறுத்தும் துண்டு) மேகசினும். இரண்டையும் மாற்றினால் .280 அக்லி உட்காரும். ரெமிங்டன் 700 குட்டை ஆக்‌ஷனில் இந்த வசதி கிடையாது. அங்கே ஆக்‌ஷன் வாங்கும்போதே தோட்டா பாதி முடிவாகிவிடும்.

அக்லியில் ஒரு எச்சரிக்கை. 2007இல் தரப்படுத்துவதற்கு முந்தைய பழைய ரீமர்களும் (குழலில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் குடையும் கருவி) அதற்குப் பிறகு வந்தவையும் ஹெட்ஸ்பேஸில் (போல்ட் முகத்துக்கும் சேம்பரின் தோளுக்கும் உள்ள இடைவெளி) ஒத்துப்போகாது. ஒரு வகை ரீமரில் சேம்பர் வெட்டி, இன்னொரு வகை கேஜில் அளந்தால், போல்ட் மூடாது, இல்லையென்றால் கேஸ் உள்ளே தொளதொளவென்று இருக்கும். ரீமரும் கேஜும் ஒரே தரத்தைச் சேர்ந்தவையா என்று வேலை கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

#7 வன்னிமைந்தன்

அருண் தம்பி, அக்லி நல்ல தோட்டாதான். ஆனா கடைத் தோட்டா மட்டும் எண்டு நீங்களே சொல்லிட்டீங்கள். அப்ப அது சரிவராது. ஒரு பெட்டி தீர்ந்தா அடுத்த பெட்டிக்கு ஒன்லைனிலதான் நிக்க வேணும். மலையடிவாரத்துச் சின்ன ஊர்க் கடையில .308, .243, .270 எப்பவும் இருக்கும். கிரீட்மோரும் 7எம்எம்-08உம் அநேகமா இருக்கும். அக்லி இராது.

விமானத்தில போறதெண்டா ஒரு ஆளுக்குத் தோட்டா 5 கிலோதான், அதுவும் செக்-இன் பொதியில. போற இடத்தில வாங்கக்கூடிய தோட்டாவா இருக்கிறது பெரிய வசதி.

இன்னொண்டு. ஏன் .308ஐ மாத்திறீங்கள்? இருக்கிற குழலை 18 அங்குலத்துக்கு வெட்டி முனையில திருகு போட்டா வேலை முடிஞ்சுது. .308 கேஸில மருந்து குறைவு, குழல் துளையின் பருமன் கூட. அதால அங்குலத்துக்கு இருபது அடி போலதான் இழக்கும். புதுக் குழல் காசு மிச்சம்.

#8 தென்தீவான்

வன்னிமைந்தன் அண்ணை சொல்வதில் நியாயம் உண்டு. காட்டுக்குள்ளே 150 மீட்டருக்குள் செம்மான் மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் டிக்கா .308 குழலின் ட்விஸ்ட் (உள் வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் அங்குலம்) 1:11. 178 கிரெய்ன் நீளக் குண்டை மில்லர் சூத்திரத்தில் போட்டால் நிலைப்பு எண் 1.35 பக்கம் வருகிறது. சுடலாம், ஓட்டை விழும், ஆனால் 1.5க்குக் கீழே இருந்தால் குண்டு தன் முழு பிசியை (காற்றைக் கிழித்து வேகத்தைக் காக்கும் திறன்) காட்டாது. அந்தக் குழலில் 150 முதல் 165 கிரெய்ன் வரைதான் நிம்மதி. அவை 300 மீட்டருக்கு மேல் வேகத்தைச் சீக்கிரம் விட்டுவிடும்.

#9 செம்புக்குண்டு

ஈயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கறியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் முழுச் செம்பையும் யோசியுங்கள். கலிபோர்னியாவில் ஜூலை 2019 முதல் வேட்டை முழுவதற்கும் ஈயமில்லாத் தோட்டாதான் சட்டம். இங்கே அப்படி இல்லை, அதனால் இது உங்கள் தேர்வு.

செம்பு எடுத்தால் இரண்டு விஷயம் மாறும். ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளம், அதனால் வேகமான ட்விஸ்ட். அடுத்தது, விரிய அதிக வேகம் வேண்டும். ஆகவே எடையைக் குறைத்து வேகத்தை ஏற்ற வேண்டும். 6.5இல் 143 வேண்டாம், 127 கிரெய்ன் எல்ஆர்எக்ஸ் மாதிரி. 7எம்எம்மில் 139. ஈயக் குண்டுக்குப் பழகியவர்கள் அதே எடையில் செம்பை வாங்கி, 350 மீட்டரில் ஊசித் துளை மட்டும் விழுந்தது, மிருகம் ஓடிவிட்டது என்பார்கள். குண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

#10 காற்றுமானி

சரி, பிஆர்சியை விட்டேன். அப்படியென்றால் கிரீட்மோர். உதை எவ்வளவு என்று பாருங்கள். 3.4 கிலோத் துப்பாக்கி, தொழிற்சாலை வேகம், சப்ரசர் குறைப்பதைச் சேர்க்காமல்:

6.5 கிரீட்மோர் 143: சுமார் 19 ஜூல்
7எம்எம்-08 150: சுமார் 22
6.5 பிஆர்சி 143: சுமார் 27
7எம்எம் ரெமிங்டன் மேக்னம் 162: சுமார் 35
.300 வின்செஸ்டர் மேக்னம் 200: சுமார் 48

மேலே போகப் போகச் சுடுபவர் கண்ணை மூட ஆரம்பிப்பார். அத்தோடு, குண்டு பட்டதை ஸ்கோப்புக்குள்ளேயே பார்க்கவும் முடியாது. மலையில் தனியாகப் போகிறவருக்கு அது முக்கியம். எங்கே பட்டது, எந்தப் பாறைக்குப் பின்னால் போனது என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

#11 வன்னிமைந்தன்

ஓம், 35க்கும் 48க்கும் போகத் தேவையில்லை. ஆனா 19க்கும் 22க்கும் வித்தியாசம் தோளுக்குத் தெரியாது தம்பி. சப்ரசர் போட்டா இரண்டும் குறையும்.

#12 தென்தீவான்

கிரீட்மோர் போதுமா என்ற பழைய சண்டைக்கு ஒரு அளவுகோல். சுவீடனில் 6.5×55இல் நூறு வருடத்துக்கு மேலாகக் கடமான் அளவைத் தாண்டிய மூஸ்களைச் சுடுகிறார்கள். அவர்களுடைய முதல் வகுப்புத் தோட்டா விதி இது: குண்டு 10 கிராமுக்கு மேல் என்றால் 100 மீட்டரில் 2000 ஜூல் போதும். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 2700 ஜூல் வேண்டும்.

143 கிரெய்ன் என்பது 9.27 கிராம். 24 அங்குலக் குழலில் 100 மீட்டரில் சுமார் 2790 ஜூல் வரும், தேறிவிடும். 18 அங்குலத்துக்கு வெட்டினால் சுமார் 2500. தேறாது. அதே தோட்டா, அதே பெட்டி, குழல் மட்டும் ஆறு அங்குலம் குறைவு. மூஸ் இங்கே இல்லை, அந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இணையத்தில் கிரீட்மோரைப் புகழ்ந்து எழுதுகிற எண்கள் பெரும்பாலும் 24 அங்குலக் குழலுடையவை என்பதை நினைவில் வையுங்கள்.

தாருக்கு வருகிறேன். இமயமலை வரையாடு, 1904இல் மவுண்ட் குக் அடியில் ஹெர்மிடேஜ் பக்கம் கொண்டுவந்து விட்டது. (நம் நீலகிரி வரையாட்டை இதோடு ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், 2005இல்தான் பிரித்தார்கள்.) வளர்ந்த கிடா 70 கிலோ வரும், செம்மான் கிடாவைவிட இலகு. கொல்வது கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். நெஞ்சில் பட்டும் நாற்பது மீட்டர் ஓடினால் அந்த நாற்பது மீட்டர் செங்குத்துப் பாறையாக இருக்கும். கறியும் தோலும் கொம்பும் போச்சு. அதனால் பலர் தோளெலும்பில் அடிக்கிறார்கள். அங்கே சற்றுப் பருமனான, கனமான குண்டு பிழையைப் பொறுக்கும். இதற்காகத்தான் எனக்கு 7எம்எம்-08 ஒரு படி மேல். காற்றில் 2 செமீ தோற்கிறது, அவ்வளவுதான்.

சுடுவதற்கு முன்னால் மிருகம் விழுந்தால் எங்கே போய் நிற்கும் என்று பார்ப்பதை எந்தத் தோட்டாவும் செய்து தராது.

#13 செம்புக்குண்டு

தோளெலும்பு என்றால் 143 இஎல்டி-எக்ஸ் கிட்டத்தில் பிரச்சினை. காட்டுக்குள் 50 மீட்டரில் செம்மான் தோளில் பட்டால் உடைந்து சிதறும், முன்கால் இரண்டும் குப்பை. தூரத்துக்கு மென்மையான குண்டு, கிட்டத்துக்குக் கெட்டியான குண்டு என்று இரண்டும் ஒரே பருவத்தில் வேண்டுமென்றால், ஒட்டுக்குண்டு (ஈயத்தை உறையோடு ஒட்டவைத்தது) நடுவழி. 7எம்எம்மில் 140 கிரெய்ன் அக்யூபாண்ட் மாதிரி. இரண்டு குண்டை மாற்றி மாற்றிச் சுடாதீர்கள், ஜீரோ (ஸ்கோப் குறியைச் சரிசெய்து வைத்த இடம்) இரண்டாகும்.

#14 அருண்_கிறைஸ்ட்சர்ச்

7எம்எம்-08 பக்கம் சாய்கிறேன். ட்விஸ்ட் என்ன போடுவது? தொழிற்சாலையில் 1:9.5 என்கிறார்கள். நீள மேகசின் போட்டு 162 கிரெய்ன் குண்டை வெளியே தள்ளி உட்காரவைக்கும்படி த்ரோட்டை (சேம்பருக்கும் குழலின் உள் வரியான ரைஃப்ளிங்குக்கும் நடுப்பகுதி) நீளமாக வெட்டச் சொல்லலாமா?

#15 ரீமர்_ராசு

இரண்டு கேள்விக்கும் பதில் வேறு வேறு திசையில்.

ட்விஸ்ட்: 1:8.5 கேளுங்கள். 162 இஎல்டி-எக்ஸுக்கு 1:9.5இல் நிலைப்பு எண் 1.3, 1:8.5இல் 1.6. செம்புக்கு மாறினாலும் கவலையில்லை. வேகமான ட்விஸ்ட்டால் 140 கிரெய்ன் குண்டு கெடாது, வேட்டைத் தூரத்தில் அந்த வித்தியாசம் இலக்கில் தெரியாது. ட்விஸ்ட் ஒரு முறை வெட்டியதுதான், பிறகு மாற்ற முடியாது. அதனால் இங்கே தாராளமாக இருங்கள்.

த்ரோட்: வேண்டாம். கடைத் தோட்டாவின் மொத்த நீளம் 2.800 அங்குலத்துக்குள் கட்டுப்பட்டது. த்ரோட்டை நீட்டினால் குண்டு ரைஃப்ளிங்கைத் தொடும் முன் வெகுதூரம் தாவ வேண்டும். சில குழல் பொறுக்கும், சில குழலில் குண்டுகள் விழும் கூட்டத்தின் அகலம் இரண்டு மடங்காகும். நீங்கள் ரீலோடிங் செய்யாதவர். தர அளவு ரீமரே போதும். பின்னாளில் ரீலோடிங் தொடங்கினால் த்ரோட் ரீமர் வைத்து நீட்டிக்கொள்ளலாம், அரை மணி வேலை. முதலிலேயே நீட்டிவிட்டால் குறைக்க வழி, குழலைக் கழற்றிப் பின்புறம் வெட்டி மறுபடி சேம்பர் போடுவதுதான். டிக்காவில் .308 மேகசினே இருக்கட்டும், போல்ட் ஸ்டாப்பையும் தொடாதீர்கள்.

நீட்ட வரும் நாளில் வாயால் அளவு சொல்லாதீர்கள். உங்களுக்கு வேண்டிய நீளத்தில் குண்டு உட்காரவைத்த, மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டா இரண்டு கொண்டுவாருங்கள். அதை வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

#16 காற்றுமானி

குழல் ஆயுள்?

#17 ரீமர்_ராசு

கிரீட்மோர் 2000 முதல் 2500, 7எம்எம்-08 அதற்கு மேல், பிஆர்சி 1500க்குள் என்பது பொதுவாகச் சொல்வது. அது இலக்குப் போட்டி ஆட்களின் கவலை. வருடத்துக்கு நூறு தோட்டா சுடும் வேட்டைக்காரருக்குக் குழல் தேயும் முன்னால் துரு தின்னும். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

சப்ரசரை மாட்டியபடியே துப்பாக்கியை உறைக்குள் போடாதீர்கள். சுட்ட பிறகு உள்ளே கரியோடு ஈரம் சேரும். மூக்கு மேலே நிற்கும் துப்பாக்கியில் அது குழல் வழியாக போல்ட் வரை இறங்கும். குடிசைக்கு வந்ததும் கழற்றித் தனியாகக் காயவையுங்கள், குழல் முனைத் திருகில் ஒரு துளி எண்ணெய்.

திருகு: முனை விட்டத்தைக் குழல் ஆர்டர் செய்யும்போதே சொல்ல வேண்டும். எடை குறைக்கிறேன் என்று மெல்லிய குழல் வாங்கி, முனையில் 15 மிமீ மட்டும் இருந்தால், எம்14×1 திருகு போட்ட பிறகு சப்ரசர் அமரத் தோள்பட்டையே இருக்காது. குறைந்தது 16, 17 இருந்தால் நல்லது. 5/8×24 திருகு என்றால் 18க்கு மேல். திருகைக் குழல் துளையின் மையத்துக்கு வெட்ட வேண்டும், வெளி விட்டத்தின் மையத்துக்கு அல்ல. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. சாய்ந்தால் குண்டு சப்ரசருக்குள் இருக்கும் தடுப்புத் தட்டை உரசும். முதல் தோட்டாவுக்கு முன்னால் நேர்க் கம்பியைக் குழலில் விட்டு, சப்ரசரின் வாயில் கம்பி நடுவே வருகிறதா என்று பாருங்கள்.

#18 வன்னிமைந்தன்

சப்ரசர் போட்டுச் சுட்ட ஜீரோவும் போடாமல் சுட்ட ஜீரோவும் ஒண்டில்லை, அதையும் ஞாபகம் வையுங்கோ. எப்பவும் போட்டே ஜீரோ எடுங்கோ. மூன்று குண்டு சுட்டா ஆற விடுங்கோ, சூட்டில ஸ்கோப்புக்கு முன்னால கானல் எழும்பி இலக்கு ஆடும்.

#19 அருண்_கிறைஸ்ட்சர்ச்

நன்றி எல்லாருக்கும். இன்று ஆர்டர் கொடுக்கப் போவது: 7எம்எம்-08, 18 அங்குலம், 1:8.5, தர அளவு சேம்பர், முனை 17 மிமீ, எம்14×1. மேகசினும் போல்ட் ஸ்டாப்பும் பழையவையே. முதலில் 150 இஎல்டி-எக்ஸ் இரண்டு பெட்டி, 140 அக்யூபாண்ட் இரண்டு பெட்டி. எது நன்றாகக் கூடுகிறதோ அது மட்டும் தொடரும். விட்டுப்போனது ஏதாவது?

#20 ரீமர்_ராசு

சப்ரசரை முதலில் வாங்கி, அதையும் குழலோடு சேர்த்தே பட்டறையில் கொடுங்கள். திருகை அந்தச் சப்ரசருக்குப் பொருத்திப் பார்த்து வெட்டட்டும். சேம்பர் அளவைச் சரிபார்க்கும் கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது, இரண்டையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். குழலின் மேல் தோட்டாவின் பெயர் பொறித்திருக்கிறதா பாருங்கள். .308 ஆக்‌ஷன் என்பதால் வீட்டில் பழைய .308 பெட்டி மிச்சம் இருக்கும். இரண்டின் கேஸும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், இருட்டில் கை மாறும். பழைய பெட்டியை யாருக்காவது உரிமம் உள்ளவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

#21 தென்தீவான்

கடைசியாக ஒன்று. 150 இஎல்டி-எக்ஸ் பெட்டியில் 2770 என்று அச்சடித்திருக்கும். அது 24 அங்குலக் குழல். வேகமானி ஒன்றை இரவல் வாங்கிப் பத்துத் தோட்டா சுட்டு, வந்த சராசரியைக் குண்டுப் பாதை கணக்கிடும் ஆப்பில் போடுங்கள். 2630 என்று நான் சொன்னது கணிப்புதான், 2600 வந்தாலும் ஆச்சரியமில்லை. பிறகு 300, 400 மீட்டரில் காகிதத்தில் சுட்டு, ஆப் சொன்ன இடத்தில் விழுகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். மே மாதக் குளிரில் இன்னொரு முறை சரிபாருங்கள், மருந்து குளிர்ந்தால் வேகம் இறங்கும்.

#22 அருண்_கிறைஸ்ட்சர்ச்

வேகமானி கிளப்பில் இருக்கிறது. குழல் வந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன்.